ஒரு ராணுவ லாரியின் பூர்வீகம்

புதுச்சேரியில் ‘சொல்தா வீடு’ என்றால் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பி, பிராங்க்கில் பென்ஷன் வாங்கி, ஜூலை 14 அன்று பதக்கங்களைக் குத்திக்கொண்டு கடற்கரைச் சாலை நினைவுச் சின்னத்தின் முன் நின்ற தலைமுறை அது. அந்த வீட்டு ஆல்பங்களைப் புரட்டியவர்களுக்குத் தெரியும். சைகோன் ஸ்டூடியோவில் எடுத்த படம் ஒன்று இருக்கும். கப்பல் மேல்தட்டில் ஒன்று இருக்கும். அப்புறம் ஒரு பெரிய லாரியின் மட்கார்டில் சாய்ந்து நிற்கிற படம் ஒன்று கட்டாயம் இருக்கும். படத்திலிருக்கும் மனிதர் யார் என்று கேட்டால் வீட்டில் பதில் வரும். லாரி எது என்று யாரும் கேட்பதில்லை.

அந்த லாரிக்கு ஒரு பெயர் உண்டு. ஜி.எம்.சி. நம் சொல்தாக்கள் பிரெஞ்சு உச்சரிப்பில் ‘ஜே-எம்-சே’ என்பார்கள். அமெரிக்கச் சிப்பாய்கள் செல்லமாக ‘ஜிம்மி’ என்றார்கள். இந்தக் கட்டுரை அந்த வண்டியைப் பற்றியது. அது எங்கே பிறந்தது, எப்படி பிரெஞ்சு ராணுவத்துக்கு வந்தது, இன்று ஒரு மூலையில் துருப்பிடித்துக் கிடந்தால் அதை எப்படி அடையாளம் காண்பது, காப்பாற்றிச் சீர்செய்யும்போது என்ன கேள்வி எழுகிறது என்பதையெல்லாம் நான் பார்த்த ஒரு வண்டியை வைத்தே சொல்கிறேன்.

முதலில் வரலாறு. 1941 முதல் 1945 வரை அமெரிக்காவில் 5 லட்சத்துக்கும் மேல் இந்த லாரிகள் செய்யப்பட்டன. மிச்சிகன் மாநிலத்தில் பொன்டியாக் என்ற ஊரிலிருந்த தொழிற்சாலைதான் தாய்வீடு. செயின்ட் லூயிஸ் நகரிலும் செய்தார்கள். அரசாங்க ஆபீசில் கோப்பு எண்ணைப் பார்த்ததும் எந்தப் பிரிவு, எந்த ஆண்டு, என்ன பொருள் என்று எங்களுக்குத் தெரிந்துவிடும். இந்த லாரியின் பெயரும் அப்படிப்பட்ட கோப்பு எண்தான். முழுப் பெயர் சி.சி.கே.டபிள்யூ. முதல் ‘சி’ 1941ஆம் ஆண்டு வடிவமைப்பைக் குறிக்கும். இரண்டாவது ‘சி’, எஞ்சின் முன்னால் நீட்டிக்கொண்டு கேபின் அதற்குப் பின்னால் இருக்கிற வழக்கமான அமைப்பு. ‘கே’ என்றால் முன்சக்கரங்களுக்கும் எஞ்சின் விசை போகிறது. ‘டபிள்யூ’ என்றால் பின்னால் இரண்டு அச்சுகள், இரண்டுக்கும் விசை உண்டு. இதன் பின்னால் 352 என்று இருந்தால் குட்டை வண்டி, 353 என்று இருந்தால் நீள வண்டி. நீள வண்டியில் முன் அச்சுக்கும், பின் அச்சுகள் இரண்டின் நடுமையத்துக்கும் இடையே 4 மீட்டர் 17 சென்டிமீட்டர் இருக்கும். குட்டையில் 3 மீட்டர் 68.

எஞ்சின் ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின். கொள்ளளவு 4.4 லிட்டர், சக்தி சுமார் 90 குதிரை. இன்று நம் ஊர் டெம்போவில் இருக்கிற அளவு. ஆனால் ஐந்து கியருடன், சேறு மேடுகளுக்கென்று தனியாக ஒரு குறைவேகக் கியர் பெட்டியும் உண்டு. கரடுமுரடான தடத்தில் இரண்டரை டன் ஏற்றலாம் என்பது விதி. நல்ல சாலையில் அதற்கு இரண்டு மடங்கு ஏற்றினார்கள். மணிக்கு 72 கிலோமீட்டர்தான் உச்ச வேகம். பெட்ரோல் மட்டும் யானைப் பசி. 100 கிலோமீட்டருக்கு 35, 40 லிட்டர் குடிக்கும்.

1944 ஜூன் 6 அன்று நேச நாட்டுப் படைகள் நோர்மாந்திக் கடற்கரையில் இறங்கின. ஆகஸ்டில் முன்னேற்றம் வேகமெடுத்தது. டாங்கிகள் முன்னே ஓடிவிட்டன. பெட்ரோலும் குண்டுகளும் பின்னே கடற்கரையில் கிடந்தன. ரயில் பாதைகளையோ, ஜெர்மானியருக்குப் பயன்படக்கூடாதென்று நேச நாட்டு விமானங்களே முன்னதாக நொறுக்கியிருந்தன. எனவே ஆகஸ்ட் 25 அன்று ‘ரெட் பால் எக்ஸ்பிரஸ்’ என்ற லாரித் தொடரை அமெரிக்கர்கள் ஆரம்பித்தார்கள். இரண்டு சாலைகளை ராணுவத்துக்கென்றே ஒதுக்கி, ஒன்றில் போவது, மற்றொன்றில் திரும்புவது என்று ராத்திரி பகலாக ஓட்டினார்கள். நான்கே நாளில், ஆகஸ்ட் 29 அன்று, ஏறக்குறைய 6,000 வண்டிகள் 12,000 டன்னுக்கு மேல் சரக்கு கொண்டுபோயின. நவம்பர் 16 வரை இது நடந்தது. ஓட்டிய சிப்பாய்களில் முக்கால்வாசிப் பேர் கருப்பின அமெரிக்கர்கள். அவர்கள் நாட்டு ராணுவம் அவர்களை வெள்ளையர்களோடு ஒரே படைப்பிரிவில் வைக்காத காலம் அது. போரிடும் பிரிவுகளில் இடம் கொடுக்கத் தயங்கி லாரி ஓட்ட விட்டார்கள். கடைசியில் போரே அந்த லாரிகளை நம்பி நின்றது.

பிரெஞ்சு ராணுவத்துக்கு இந்த வண்டி 1943இலேயே வந்துவிட்டது. வட ஆப்பிரிக்காவில் புதிதாகக் கட்டப்பட்ட பிரெஞ்சுப் படைகளுக்கு அமெரிக்கா தளவாடம் கொடுத்தது. போர் முடிந்ததும், திருப்பி எடுத்துப்போகச் செலவு அதிகம் என்று அமெரிக்கர்கள் விட்டுச்சென்ற வண்டிகளும் சேர்ந்துகொண்டன. பிரெஞ்சு ராணுவப் பட்டறைகள் அவற்றைத் திரும்பத் திரும்பப் பிரித்து, புதுப்பித்து, ஓட்டிக்கொண்டே இருந்தன. இந்தோசீனாவில் ஓடின, அல்ஜீரியாவில் ஓடின. பெர்லியே லாரிகள் வந்து இடத்தைப் பிடித்த பிறகும் 1970கள் வரை பல முகாம்களில் ஓடின. அதற்கப்புறம் ஏலம். வாங்கியவர்கள் மரம் இழுக்கவும், பழுதான வண்டிகளைத் தூக்கவும், காட்டுத்தீ அணைக்கவும் வைத்துக்கொண்டார்கள்.

இனி நான் பார்த்த வண்டி. 2012இல் மகள் வீட்டுக்கு மூன்று மாதம் போயிருந்தேன். கான் நகருக்குத் தெற்கே ஒரு சிற்றூர். பக்கத்து வீட்டுக்காரர் விவசாய இயந்திர மெக்கானிக்காக இருந்து ஓய்வுபெற்றவர். ஒரு மர அறுவை ஆலையின் பின்புறம், முட்செடிகளுக்கு நடுவே கிடந்த லாரியை வாங்கி, தன் கொட்டகைக்கு இழுத்து வந்திருந்தார். பார்த்தால் ஜி.எம்.சி. மாதிரி இருக்கிறது. ஆனால் இருபது, முப்பது வருஷம் மரம் இழுத்த வண்டியில் எது சொந்த உறுப்பு, எது வந்து ஒட்டியது என்று சொல்ல முடியாது. அதைக் கண்டுபிடிக்கும் வேலையில் எனக்கும் ஒரு நாற்காலி கிடைத்தது. மெக்கானிக் வேலை எனக்குத் தெரியாது. ஆனால் பழைய காகிதம், மங்கிய எழுத்து, அழிந்த முத்திரை படிப்பதில் 35 வருஷ அனுபவம் இருந்தது. பிரெஞ்சு வழிப் பள்ளியில் படித்ததால் பேச்சுக்கும் தடையில்லை.

முதலில் டேஷ்போர்டைப் பார்க்க வேண்டும். சிறு சாமான் வைக்கும் பெட்டியின் மூடியில் உலோகத் தகடுகள் ரிவெட் அடித்திருக்கும். அதில் ஒன்றில் செய்தவர் பெயர், மாடல், வரிசை எண், ஒப்படைத்த தேதி எல்லாம் இருக்கும். ஆனால் தகட்டை மட்டும் நம்பக்கூடாது. திருகிக் கழற்றி இன்னொரு வண்டியில் மாட்டிவிடலாம். ஜாதகம் ஒருவனுடையது, ஆள் வேறொருவன் என்றாகிவிடும். அதனால் சேசிஸ் சட்டத்தில் குத்தியிருக்கும் எண்ணையும் தேட வேண்டும். துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, சுண்ணாம்புக் கட்டியைத் தடவினோம். பள்ளத்தில் வெள்ளை தங்கி எண்கள் எழுந்து வந்தன. தகட்டு எண்ணோடு பொருந்தின. தேதி 1944. பாதிப் பூர்வீகம் உறுதியானது.

அடுத்தது அச்சு. இந்த லாரியில் இரண்டு வகை அச்சுகள் உண்டு. ஒன்றில் நடுவிலுள்ள உருண்டை இரண்டு பாதிகளாக, செங்குத்தாக போல்ட் போட்டு இணைத்திருக்கும். மற்றதில் உருண்டை ஒரே வார்ப்பாக, பாஞ்சோ வாத்தியம் போல வட்டமாக இருக்கும். அவர் வண்டி இரண்டாவது வகை. பிறகு கேபின். ஆரம்பத்தில் வந்த வண்டிகளுக்குத் தகரக் கூரை, கதவு, கண்ணாடி எல்லாம் உண்டு. 1943 வாக்கில் எஃகை மிச்சப்படுத்தவும் கப்பலில் இடத்தைக் குறைக்கவும் கூரையை எடுத்துவிட்டுத் தார்ப்பாய் போட்டார்கள். அவருடையது தார்ப்பாய் வகை. 1944 என்ற தேதியோடு இதுவும் ஒத்துப்போனது.

பிறகு போல்ட், நட்டுகள். அமெரிக்க வண்டி முழுவதும் அங்குலக் கணக்கு. ஆனால் இங்கே அங்குல ஸ்பேனர் சில இடத்தில் பிடித்தது, சில இடத்தில் வழுக்கியது. மில்லிமீட்டர் ஸ்பேனர் போட்டால் கச்சிதம். மில்லிமீட்டர் போல்ட் இருந்த இடமெல்லாம் பிரெஞ்சுக் கை பட்ட இடம். மட்கார்டில் சைகை விளக்கு மாட்டப் போட்ட துளைகள் இருந்தன. டேஷ்போர்டின் ஓரத்தில் எண்ணெய்ப் பிசுக்குக்கு அடியில் இன்னொரு சின்னத் தகடு கிடைத்தது. அதிலிருந்தது பிரெஞ்சு. ராணுவப் பட்டறையில் முழுதாகப் புதுப்பிக்கப்பட்டது என்ற குறிப்பும் 1950களின் நடுவில் ஒரு தேதியும் இருந்தன.

கடைசியாக பெயின்ட். எனக்கு மிகவும் பிடித்த வேலை இதுதான். பானெட்டின் பக்கவாட்டில் தண்ணீர் தெளித்து, மிக மெல்லிய உப்புத்தாளால் உள்ளங்கை அகலத்துக்கு வட்டமாகத் தேய்க்க வேண்டும். ஒவ்வொரு பூச்சும் மரத்தின் வளையம் மாதிரி ஒன்றுக்குள் ஒன்றாகத் தெரியும். மேலே அறுவை ஆலையின் நீலம். அதற்கடியில் பளபளப்பான பச்சை, அதன்கீழ் இன்னொரு பச்சை, மறுபடி ஒரு பச்சை. எல்லாவற்றுக்கும் கீழே மங்கலான, பளபளப்பில்லாத ஆலிவ் நிறம். அவசரப்பட்டு அழுத்தினால் எல்லாம் போய்விடும். இரண்டு நாள் பொறுமையாகத் தேய்த்ததில் ஆலிவ் நிறத்தின் மேல் வெள்ளை எழுத்தின் நிழல் வந்தது. யு.எஸ்.ஏ., அதையடுத்து 4 என்ற எண். இந்த எடைப் பிரிவு லாரிகளுக்கு அமெரிக்க ராணுவப் பதிவு எண் 4இல்தான் தொடங்கும். அந்தப் பெரியவர் தொப்பியைக் கழற்றிவிட்டு சற்று நேரம் அப்படியே நின்றார்.

சீர்செய்ய இரண்டு வருஷம் ஆயிற்று. அறுவை ஆலைக்காரர்கள் பெட்ரோல் கட்டுப்படியாகாமல் டீசல் எஞ்சின் மாட்டியிருந்தார்கள். பழைய மாடல் எஞ்சின் ஒன்றைத் தேடி வாங்கினால், குளிர்காலத்தில் தண்ணீர் உறைந்து அதன் பிளாக் வெடித்திருந்தது. ராணுவக் கிடங்கிலிருந்து ஏலத்தில் போன, மரப்பெட்டி பிரிக்காத ஒன்று பிறகு கிடைத்தது. பிரேக் சிலிண்டர்கள் எல்லாம் இறுகிப்போய்க் கிடந்தன. பின்தொட்டியின் பலகைகளை எடுத்துவிட்டுப் புதிதாக ஓக் மரத்தில் செய்தார். நான் ஊர் திரும்பிய பிறகும் ஒவ்வொரு கட்டத்துக்கும் மகள் மூலம் படம் வரும்.

எல்லாம் முடிந்து பெயின்ட் அடிக்கும் நேரத்தில்தான் உண்மையான கேள்வி வந்தது. எந்தப் பூச்சுக்குத் திரும்புவது?

2014 வசந்தத்தில் நான் மறுபடி அங்கே இருந்தேன். நோர்மாந்தி இறக்கத்தின் 70ஆம் ஆண்டு. ஒவ்வொரு ஜூனிலும் அந்தக் கடற்கரை ஊர்களில் பழைய ராணுவ வண்டிகள் ஊர்வலமாகப் போகும். ஏறக்குறைய எல்லாவற்றிலும் அமெரிக்க வெள்ளை நட்சத்திரம். அவரும் நட்சத்திரம் போடுவதாக இருந்தார். சிவப்பு வட்டம் வரைந்து ‘ரெட் பால்’ என்றும் எழுதுவதாக இருந்தார்.

நான் சொன்னேன்: “மிசியே, இந்த வண்டி அமெரிக்கர்களிடம் இருந்தது அதிகம் போனால் இரண்டு வருஷம். உங்கள் நாட்டு ராணுவத்தில் இருபது வருஷத்துக்குக் குறையாது. மூன்று பூச்சுப் பச்சையை நாமே பார்த்தோம். அந்த இருபது வருஷத்தை எங்கே வைப்பது?”

அவர் கோபப்படவில்லை. “என் அம்மா 1944இல் இந்த ஊரில் குண்டுவீச்சுக்குப் பயந்து நிலவறையில் இருந்தாள். வெளியே வந்தபோது அவள் முதலில் பார்த்தது நட்சத்திரம் போட்ட லாரி. பச்சை லாரியைப் பார்க்க யார் வருவார்கள்? அது போன இடங்களைப் பற்றி இங்கே யாரும் பேச விரும்புவதில்லை” என்றார்.

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. வெள்ளை எழுத்தை நாங்கள் கண்ணால் பார்த்ததும் உண்மை. ஆனால் ‘அது போன இடங்கள்’ என்றாரே, அதில் ஓர் இடத்துக்கு என் தாய்மாமா போயிருக்கிறார்.

மாமா 1949இல் கப்பலேறினார். அங்கே அவருக்கு ஷோஃபர் வேலை. 1953இல் திரும்பினார். யுத்தக் கதை சொல்லும் ஆள் இல்லை. ஒரே ஒரு சாலையைப் பற்றி மட்டும் எப்போதாவது சொல்வார். வியட்நாமின் வடக்கே, சீன எல்லையை ஒட்டி, லாங் சோனிலிருந்து காவ் பாங் வரை நூறு கிலோமீட்டருக்கு மேல் போகிற 4ஆம் எண் காலனி நெடுஞ்சாலை. ஒரு பக்கம் சுண்ணாம்புக்கல் மலை, மறுபக்கம் பள்ளத்தாக்கு. வரிசையில் முதல் லாரி கண்ணிவெடியில் சிக்கும். கடைசி லாரியைச் சுடுவார்கள். நடுவிலிருப்பவை முன்னும் போக முடியாது, பின்னும் வர முடியாது. “நடு லாரியில் இருப்பவனுக்குத்தான் யோசிக்க நேரம் அதிகம்” என்பார் மாமா. அதற்கு மேல் பேச்சு வராது. 1950 அக்டோபரில் காவ் பாங்கைக் கைவிட்டுப் பின்வாங்கியபோது பிரெஞ்சுப் படை அந்தச் சாலையில் பெரும் தோல்வி கண்டது. நம் ஊர்க்காரர்கள், மொரோக்கோ, செனகல் பக்கத்துச் சிப்பாய்கள், வெளிநாட்டுப் படையணிக்காரர்கள் எனப் பலரும் அந்த யுத்தத்தில் பிரெஞ்சு ராணுவத்துக்காக வண்டி ஓட்டினார்கள், செத்தார்கள். எதிர்த்தரப்பில் இருந்தவர்கள் தங்கள் சொந்த மண்ணுக்காகப் போராடினார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கைப்பற்றிய ஜி.எம்.சி.க்களையும் சோவியத் லாரிகளையும் வைத்து தியென் பியென் பூவுக்கு அவர்களும் குண்டு சுமந்தார்கள்.

மாமாவின் லாரிப் படத்தின் நகல் என்னிடம் இருந்தது. காட்டினேன். பெரியவர் பூதக்கண்ணாடியை எடுத்து வந்து வெகுநேரம் பார்த்தார். தகரக் கூரை கேபின், அதனால் இது தன் வண்டிக்கு மூத்தது என்றார். பம்பரில் எண்ணுக்கு இடப்பக்கம் சின்ன மூவர்ணக் கொடி இருப்பதைக் காட்டினார். அது பிரெஞ்சு ராணுவப் பதிவு. பிறகு கேட்டார்: “உங்கள் மாமாவின் பெயர் ஏதாவது கல்லில் இருக்கிறதா?”

“இல்லை. உயிரோடு திரும்பியவர்கள் பெயரைக் கல்லில் வெட்டுவதில்லை” என்றேன்.

ஒரு வாரம் கழித்து பெயின்ட் அடித்தார். வெளியே ஆலிவ் நிறம், நட்சத்திரம், நாங்கள் கண்டெடுத்த அதே பதிவு எண். சிவப்பு வட்டம் மட்டும் போடவில்லை. ஆதாரம் இல்லை என்று அவரே சொன்னார். பின்தொட்டியின் அடைப்புப் பலகையின் உட்புறத்தைத் தேய்க்காமல் பழைய பச்சையோடு விட்டார். பிரெஞ்சுப் பட்டறைத் தகட்டைத் துடைத்து அதே இடத்தில் ரிவெட் அடித்தார். ஊர்வலத்தில் வண்டியருகே வைக்கும் அறிவிப்பு அட்டையை என்னை எழுதச் சொன்னார். 1944இல் செய்யப்பட்டது, அமெரிக்கப் பதிவு எண் இது, 1950களில் பிரெஞ்சு ராணுவம் புதுப்பித்தது, இந்த வகை லாரிகளைக் கருப்பின அமெரிக்கர்களும் பிரெஞ்சுக் காலனிகளின் சிப்பாய்களும் ஓட்டினார்கள் என்று ஐந்து வரி. இந்த வண்டி எங்கே ஓடியது என்று ஒரு வார்த்தை எழுதவில்லை. கோப்பில் இல்லாததைக் குறிப்பில் எழுதக்கூடாது என்பது நான் வேலையில் கற்றது.

முழுக்க பச்சை அடித்திருக்கலாம் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் வண்டி அவருடையது, 1944இன் நினைவு அவர் தாயாருடையது. பின்பலகையைத் திறப்பவர்கள் பச்சையைப் பார்ப்பார்கள்.

இதைப் படிக்கும் சொல்தா குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள். வீட்டு ஆல்பத்தை எடுங்கள். வண்டியில் மொத்தம் பத்து டயர், பின்னால் இரட்டை அச்சு, முன்னால் கம்பிக் கூண்டு, மட்கார்டின் மேல் விளக்குகள் இருந்தால் அது பெரும்பாலும் ஜி.எம்.சி. நான்கே சக்கரமுள்ள நடுத்தர வண்டி என்றால் டாட்ஜ் ஆக இருக்கலாம். சின்னது என்றால் ஜீப். தகரக் கூரையா, தார்ப்பாயா என்று பாருங்கள். பம்பர் எண்ணைப் பூதக்கண்ணாடியில் படித்து எழுதிக்கொள்ளுங்கள். ஸ்கேன் செய்யும்போது மாமா முகம் மட்டும் போதும் என்று லாரியை வெட்டிவிடாதீர்கள். விவரம் தெரிந்த பெரியவர் ஒருவராவது வீட்டில் இருக்கிறபோதே ஊர், வருஷம், கூட நிற்பவர் பெயர் ஆகியவற்றைக் கேட்டு, படத்தின் பின்னால் பென்சிலால் எழுதி வையுங்கள். பேனா வேண்டாம், மை ஊறிவிடும்.